ஜப்பானிய மொழியில் கதைக்கப் பழகுவது: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு கல்லூரியில் ஜப்பானிய உரையாடல் தொடக்க வகுப்பை நடத்தி வருகிறேன். சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு. ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். அம்பாறை நகரிலிருந்து சிங்களப் பிள்ளைகள் சிலரும் வருவதுண்டு. புதிய பிரிவு சேரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள் வருகின்றன. சேர யோசிப்பவர்களுக்கும் சேர்ந்து முதல் மாதத்தில் திணறுபவர்களுக்கும் உதவட்டும் என்று பதில்களை எழுதி வைக்கிறேன்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் 'த' வந்தால் 'தம்பி'யில் வருவது போல வன்மையாகச் சொல்லுங்கள், சொல்லின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். 'ட' வந்தால் 'வண்டி'யில் வருவது போல மென்மையாக, ஆனால் நாக்கை மடிக்காமல் சொல்லுங்கள். ஏன் இந்த ஏற்பாடு என்பது கீழே வருகிறது.

எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாதே, சேரலாமா?

ஒரு சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் அந்தச் சொல் தெரியாத வீடு இல்லை. 'த்ஸு' என்றால் துறைமுகம், 'நமி' என்றால் அலை. ஜப்பானியர் வைத்த பெயர்தான் சுனாமி. நம் கரையோரத்து மனிதர் ஒருவரும் ஜப்பானின் வடகிழக்குக் கரையோரத்து மனிதர் ஒருவரும் சந்தித்தால், இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. 2011 மார்ச் 11இல் அவர்களும் அதைக் கண்டவர்கள்.

இன்னொரு வசனத்தை நீங்கள் நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள், ஜப்பானிய மொழி என்று கவனித்திருக்க மாட்டீர்கள். ஜப்பானிலிருந்து இறக்கிய வானையோ காரையோ ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் பேசும். அந்தக் குரல் சொல்வதை அடுத்த பதிலில் பிரித்துப் பார்ப்போம்.

ஆகவே, சேரலாம். எங்கள் வகுப்பு பூச்சியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஆங்கிலம் சரியாக வராது. ஜப்பானிய மொழி பிடிபடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வது வழக்கம். ஆங்கிலம் வராதவர்கள் ஜப்பானிய மொழிக்குப் பயப்படவே தேவையில்லை. ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிப்பதுதான் பாதையைச் சுற்றுப் பாதையாக்குகிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் வழி நேர் வழி.

வானில் பேசும் அந்தக் குரல் சொல்வது இது: "ஈ தீ ஷீ காடொ க ஸோன்யூ ஸரெதெ இமஸென்." ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் கழிக்கும் 'ஈ தீ ஷீ' (ETC) அட்டை ஒன்று உண்டு. அது போடப்படவில்லை என்று ஓட்டுநருக்கு நினைவூட்டுகிறது. சொல் சொல்லாகப் பார்ப்போம். காடொ என்றால் கார்டு. 'க' எழுவாயைக் காட்டும் சிறு சொல். ஸோன்யூ என்றால் செருகுதல். ஸரெதெ என்பது 'படு' என்ற நம் செயப்பாட்டு வினையின் எச்சம், அதாவது 'பட்டு'. இமஸென் என்பது 'இருக்கவில்லை'. வரிசையை மாற்றாமல் சேர்த்து வாசியுங்கள்: கார்டு, செருக, பட்டு, இருக்கவில்லை. 'கார்டு செருகப்பட்டு இருக்கவில்லை.' ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றத் தேவைப்படவில்லை. இதே வசனத்தை ஆங்கிலத்தில் போட்டால் வினைப் பகுதியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்ப வேண்டிவரும்.

நான் கொழும்பில் முதன்முதலாகப் படித்தபோது விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். 'தெ' வடிவம் என்ற பாடத்தில் மூன்று கிழமை மாட்டிக்கொண்டு நின்றேன். பின்னர் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, இது நம் வினையெச்சம் அல்லவா என்று பட்டது. அன்றைக்கே அது எனக்குச் சுலபமாகிவிட்டது. இந்த வசனத்தைப் பாருங்கள்:

அஸ ஒகிதெ, கஒ ஒ அரத்தெ, கொஹன் ஒ தபெதெ, பஸு நி நொத்தெ, கக்கோ நி கிமஷித.

காலையில் எழும்பி, முகத்தைக் கழுவி, சோற்றைச் சாப்பிட்டு, பஸ்ஸில் ஏறி, பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

எழும்பி, கழுவி, சாப்பிட்டு, ஏறி எதுவும் வசனத்தின் காலத்தைச் சொல்வதில்லை. கடைசி வினை மட்டும் இறந்தகாலத்தைச் சுமக்கிறது, இரண்டு மொழியிலும். 'கொஹன்' என்ற சொல்லும் நம் 'சோறு' மாதிரிதான். வெந்த அரிசிக்கும் அது பெயர், சாப்பாட்டுக்கும் அது பெயர்.

துணைவினைக்கு வந்தால் இன்னும் நெருக்கம். தபெதெ மிமஸ் என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'மிரு' என்பது கண்ணால் பார்ப்பதும்தான், செய்து பார்ப்பதும்தான். கைதெ ஒகிமஸ் என்றால் எழுதி வைக்கிறேன். 'ஒகு' என்றால் வை. வஸுரெதெ ஷிமைமஷித என்றால் மறந்துவிட்டேன். இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு ஒரு வரி போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாசலில் சொல்லும் சொல். வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் 'போறன்' என்று சொல்வதில்லை, அபசகுனம். 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்வோம். ஜப்பானியர் சொல்வது 'இத்தெ கிமஸ்'. இத்தெ என்றால் போய், கிமஸ் என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் 'இத்தெரஷ்ஷை' என்பார், 'போயிட்டு வாங்கோ' என்பதுதான் அது. முதல் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது இந்த இரண்டையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அதை யாரும் மறந்ததில்லை.

சிங்களப் பிள்ளைகளுக்கும் வினை கடைசியில் வரும் மொழிதான் தாய்மொழி. அவர்களும் தங்கள் மொழியிலிருந்து நேராகப் போகலாம்.

அப்படியென்றால் தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பமா?

ஜப்பானிய மொழியியலாளர் ஸுஸுமு ஓனோ (1919–2008) அப்படித்தான் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். நம் பொங்கலுக்கும் ஜப்பானில் ஜனவரி நடுப்பகுதியில் வரும் சிறு புத்தாண்டுச் சடங்குகளுக்கும் உள்ள ஒப்புமைகளைக்கூடத் தேடிப் பார்த்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைத்து, உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வழக்கம் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. அமைப்பு ஒத்துப்போவதால் மட்டும் ஒரே தாய் வயிறு என்று சொல்ல முடியாது.

படிப்பவருக்கு இந்த வழக்குத் தீர வேண்டும் என்றில்லை. ஒற்றுமை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கலாமா?

முதல் இரண்டு கிழமைக்குச் சரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன்.

காரணம் நம் எழுத்தின் இயல்பு. தமிழில் ஒரு 'க'தான். அது சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும் நடுவில் மென்மையாகவும் தானாக மாறிவிடும். 'த'வும் அப்படியே. ஜப்பானிய மொழியில் வன்மையும் மென்மையும் வேறு வேறு எழுத்து, பொருளும் வேறு. 'மத' என்றால் மறுபடியும். 'மட' என்றால் இன்னும். "மறுபடியும் வாறன்" என்று சொல்ல நினைத்து "இன்னும்..." என்று தொடங்கி நிற்பவர்களை ஒவ்வொரு பிரிவிலும் பார்க்கிறேன். 'ககி' என்று எழுதினால் அது திறப்பா, ஒரு வகைப் பழமா என்று தமிழ் எழுத்தில் தெரியாது. இரண்டாவது எழுத்தை மென்மையாகச் சொன்னால் திறப்பு, வன்மையாகச் சொன்னால் பழம். வன்மைக்காக 'கக்கி' என்று இரட்டித்து எழுதினால் மூன்றாவது ஒன்று ஆகிவிடும். இரட்டிப்புக்கும் அங்கே தனிப் பொருள் உண்டு.

ஜப்பானியரின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகனவில் இந்தச் சிக்கல் ஒரேயடியாகத் தீர்கிறது. வன்மையான எழுத்தின் தோளில் இரண்டு சிறு கீறு போட்டால் அது மென்மையாகிவிடும். அந்த இரண்டு கீறும் தமிழனுக்காகவே கண்டுபிடித்தது போல இருக்கும் எனக்கு.

மற்றபடி உச்சரிப்பில் நாம் பாக்கியசாலிகள். குறில், நெடில் நமக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. படு, பாடு என்று பிரித்துப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் முத்திரை. பாடு, பாட்டு மாதிரிதான். ஆங்கிலம் பேசுபவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பது இதற்குத்தான். லகரம் மட்டும் அவர்களிடம் இல்லை, எல்லாம் ரகரமாகும். மாலா 'மாரா' ஆவார். ஸ்ரீலங்கா 'ஸுரிரங்க' ஆகும். சொல் முடிவில் வரும் 'ஸு'வில் உகரம் மங்கிவிடும், ஆகவே 'டெஸு' என்று எழுதியிருந்தாலும் 'டெஸ்' என்றே காதில் விழும்.

எத்தனை எழுத்து? கஞ்சியும் படிக்க வேண்டுமா?

ஹிரகன 46, கதகன 46. நாம் 247 எழுத்தை ஐந்து வயதில் படித்தவர்கள். ஒரு மாதம் போதும். கதகன பெரும்பாலும் பிறமொழிச் சொற்களுக்கும் வெளிநாட்டுப் பெயர்களுக்கும். உங்கள் பெயரை முதலில் கதகனவில்தான் எழுதுவீர்கள்.

கஞ்சி என்பது சீனத்திலிருந்து போன எழுத்து. நாம் குடிக்கும் கஞ்சியை நினைத்து எல்லோரும் சிரிக்கும் இடம் இது. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 கஞ்சி இருக்கின்றன. உரையாடல் வகுப்பில் நாள், மாதம், எண், ஆள், மலை, ஆறு போன்ற சிலவற்றை மட்டும் காட்டுகிறேன்.

இது, அது இரண்டுக்கு அங்கே மூன்று சொல் இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?

கொரெ, ஸொரெ, அரெ. என் கையில் இருந்தால் கொரெ. உங்கள் பக்கத்தில் இருந்தால் ஸொரெ. இருவருக்கும் தூரத்தில் இருந்தால் அரெ. இது, உது, அது என்று பிரித்தால் கச்சிதமாக உட்காரும். 'உது' தமிழ்நாட்டுப் பேச்சில் போய்விட்டது. ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்துப் பேச்சில், இன்னும் உயிரோடு இருக்கிறது. 'உதை இங்க எடுங்கோ' என்று சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் நான்கு வசனம் கேட்டு வாருங்கள், பாடம் முடிந்தது. எது என்று கேட்க டொரெ. இடத்துக்கும் இதே ஒழுங்கு: கொகொ, ஸொகொ, அஸொகொ, டொகொ.

'வ', 'க' இரண்டும் எப்போது எது?

எல்லோரும் தடுமாறும் இடம். எழுவாய்க்குத் தமிழில் உருபு கிடையாது. ஆகவே இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பேசவே நம் வாய் போகும். பேச்சில் விட்டாலும் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள், அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

'வ' என்பது 'இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்' என்று அறிவிப்பது. 'ஸோ வ ஹன க நகை' என்று ஜப்பானிய இலக்கண வகுப்புகளில் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. யானை, மூக்கு நீளம். யானையைப் பற்றிப் பேச்சு, அதில் நீளமாக இருப்பது மூக்கு. நாமும் 'யானைக்குத் தும்பிக்கை நீளம்' என்போம்.

இதிலிருந்து நான் வகுப்பில் கண்டுபிடித்துச் சொல்லித் தரும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஜப்பானிய மொழி விளங்கும். எனக்கு மீன் பிடிக்கும். எனக்குத் தண்ணீர் வேணும். எனக்கு நீச்சல் ஏலும். எனக்குத் தலை வலிக்குது. இவற்றிலே மொழி, மீன், தண்ணீர், நீச்சல், தலை எதிலும் 'ஐ' உருபு இல்லை. 'மொழியை விளங்கும்' என்று எவரும் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் ஜப்பானிய மொழி 'க' போடுகிறது: நிஹொங்கொ க வகரிமஸ். ஸகன க ஸுகி டெஸ். மிஸு க ஹொஷீ டெஸ். ஸுஇஎய் க டெகிமஸ். அதம க இதை டெஸ். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் இங்கே 'ஒ' போட்டுவிடுவார்கள், 'ஒ' நம் 'ஐ' உருபு. நீங்கள் தமிழில் யோசித்தால் பிழை விடுவது குறையும்.

கல்லடிப் பாலத்தில் இரவில் நின்று கேட்கும் பாட்டுக்கும் இதே அமைப்பு. ஸகன நொ உத க கிகொஎமஸ்: மீனின் பாட்டுக் கேட்கிறது. என் மாணவர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் பாடம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. 'எனக்கு அவரைத் தெரியும்' என்பதில் 'ஐ' வருகிறது அல்லவா, ஜப்பானிய மொழியிலும் அதற்கு 'ஒ'தான்.

கேள்விக்குக் 'க' போட்டால் போதுமா?

போதும். வசனத்தின் கடைசியில் வன்மையாகச் சொல்லும் 'க' என்றால் நம் 'ஆ' (எழுவாய்க்கு வரும் 'க' மென்மையானது, வேறு சொல்). நிஹொன்ஜின் டெஸ்: ஜப்பானியர். நிஹொன்ஜின் டெஸ் க: ஜப்பானியரா? 'என்னகா', 'வாகா' என்று நம் மட்டக்களப்புப் பேச்சில் வரும் 'கா'வோடு இது ஒலியில் ஒத்துப்போகும். நம்முடையது கூப்பிடும் சொல், அவர்களுடையது கேட்கும் சொல். பெண் பிள்ளைகள் வகுப்பு முடிந்தும் 'எங்க டெஸ் கா' என்று கலந்து கதைத்துக்கொண்டு போவார்கள். கலக்கட்டும், பயம் போகிறதே.

மரியாதையாகப் பேசுவது எப்படி? 'நீங்கள்' என்பதற்கு 'அனத' சரியா?

அகராதியில் சரி. பேச்சில் தவிர்த்துவிடுங்கள். முன்னால் நிற்பவரை 'அனத' என்றால் சற்றுத் துடுக்காகவோ அந்நியமாகவோ ஒலிக்கும். பெயரோடு 'ஸன்' சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். இதுவும் நமக்குப் புதிதல்ல. ஆசிரியரிடம் 'நீங்க வாறீங்களா' என்பதைவிட 'சேர் வாறீங்களா', 'மிஸ் வாறீங்களா' என்றுதானே கேட்கிறோம். தெரியாத ஒருவரை அண்ணா, அக்கா, ஐயா என்போம். அவர்களும் ஆசிரியரை, வைத்தியரை 'ஸென்ஸெய்' என்பார்கள்.

உங்கள் பெயருக்கு நீங்களே 'ஸன்' போடக்கூடாது. இந்தப் பிழையை முதல் நாளே திருத்திவிடுகிறேன்.

உறவுப் பெயர்களில் ஒரு வசதி, ஒரு சிக்கல். அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி என்று நான்கு தனிச் சொல் அவர்களுக்கும் உண்டு. ஆனால் என் அம்மாவைப் பற்றி வெளியாரிடம் சொல்லும்போது 'ஹஹ', உங்கள் அம்மாவைச் சொல்லும்போது 'ஒகாஸன்'. தன் வீட்டாரைத் தாழ்த்தி, மற்றவர் வீட்டாரை உயர்த்திச் சொல்லும் பண்பு அது. கொஞ்சம் நேரம் எடுக்கும்.

வினையில் நமக்கு விடுமுறை. போறன், போறாய், போறார், போறா என்று ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டாம். எல்லோருக்கும் 'இகிமஸ்' ஒன்றுதான்.

எண்கள் கஷ்டமா?

இருபதை 'நி-ஜூ' என்பார்கள். இரண்டு, பத்து. நம் இருபது அதுதானே. தொண்ணூறில் நாம் தடுக்கி விழுவது போல அவர்கள் விழுவதில்லை, 'கியூ-ஜூ', ஒன்பது பத்து. மூன்றரை மணி 'ஸன்-ஜி ஹன்', ஹன் என்றால் அரை.

ஆட்களை எண்ணும்போது நாம் ஒருவர், இருவர், மூவர் என்று மாற்றுவோம். அவர்களும் ஹிதொரி, ஃபுதரி, ஸன்னின் என்று மாற்றுவார்கள். ஆனால் அவர்கள் நீளமான பொருளுக்கு ஒன்று, தட்டையான பொருளுக்கு ஒன்று, சிறு விலங்குக்கு ஒன்று என்று தொடர்ந்து போவார்கள். அதை ஒரே நாளில் பாடமாக்கப் பார்க்காதீர்கள்.

பணக்கணக்கில் கவனம். அவர்கள் பத்தாயிரத்தை 'மன்' என்ற ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் 'பத்து மன்'. சம்பளம் பேசும்போது இதில் தவறினால் பெரிய தவறு.

'இருக்கு' என்பதற்கு ஏன் இரண்டு சொல்?

ஆட்களுக்கும் விலங்குகளுக்கும் இமஸ், மரம் செடி உட்பட மற்றதற்கெல்லாம் அரிமஸ். நாம் நாயும் இருக்கு, கதிரையும் இருக்கு என்பதால் நாய்க்கு அரிமஸ் போட்டுவிடுவோம். வாவியில் நீந்தும் மீனுக்கு இமஸ், கறிச்சட்டியில் கிடக்கும் மீனுக்கு அரிமஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்?

காத்தான்குடி, கல்முனைப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். புதனிகு வ தபெமஸென்: பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. ஒஸகெ வ நொமிமஸென்: மது குடிப்பதில்லை. சமையலிலும் மது சேர்ப்பார்கள், ஆகவே 'ஹைத்தெ இமஸ் க', 'சேர்ந்திருக்கிறதா' என்று கேட்கப் பழகுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். வெறும் மரக்கறி சூப் போல இருப்பதிலும் 'டஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் கத்ஸுஒபுஷியில் எடுப்பது. கத்ஸுஒபுஷி என்றால் என்ன என்று நம்மவருக்கு ஒரே சொல்லில் சொல்லலாம்: மாசி. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதுவும் ஒரே இனச் சூரை மீனிலிருந்து வருபவை.

அனிமே பார்த்துப் படிக்கலாமா?

காது பழகும், பாருங்கள். அதில் வரும் 'ஒரெ' (நான்), 'ஒமஎ' (நீ) போன்ற முரட்டுச் சொற்களை வாயில் எடுக்காதீர்கள். வேலைக்குப் போன இடத்தில் முதலாளியை 'டேய்' என்றது போலாகும்.

மட்டக்களப்பில் யாரோடு கதைத்துப் பழகுவது?

ஜப்பானியர் ஒருவரைக் காண பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ வாய்ப்பு அமையலாம், அமையாமலும் போகலாம். அதை நம்பி இருக்காதீர்கள். நான் கேட்பது நாளுக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்வது. கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை வசனமாக்குங்கள். உமி க அரிமஸ், கடல் இருக்கிறது. உஷி க இமஸ், மாடு நிற்கிறது. போனில் பதிந்து மறுகா கேட்டுப் பாருங்கள். உங்கள் பிழை உங்கள் காதுக்கே தெரியும்.

வகுப்பில் இருவர் இருவராகச் சேர்ந்து பழகுவதற்கு வெட்கப்படுபவர்கள்தான் பின்தங்குகிறார்கள். கொப்பி அழகாக இருக்கும், வாய் திறக்காது. இலக்கண எழுத்துப் பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்த ஒருவர் 'பெயர் என்ன' என்று கேட்டதும் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வகுப்பின் முதல் இருபது நிமிடம் கொப்பி திறக்க விடுவதில்லை.

இன்னொரு பயிற்சி: 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம் ஜப்பானின் கடனுதவியில் கட்டியது. அந்தப் பாலத்தில் ஒரு ஜப்பானியப் பயணியைச் சந்தித்தால் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, பாலத்தைக் காட்டி, நன்றி சொல்ல வேண்டும். கொன்னிச்சிவ. ஹஜிமெமஷிதெ. அரிகதோ கொஸைமஸ். ஒரு நிமிடப் பேச்சுத்தான், ஆனால் சொல்வதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

வாய்மொழிப் பரீட்சையில் என்ன கேட்பீர்கள்?

தன்னறிமுகம், நேரம், விலை கேட்பது, வழி கேட்பது, ஒருவரை அழைப்பது. ஐந்து நிமிடம். நான்கு மணி 'யொ-ஜி', ஏழு மணி 'ஷிச்சி-ஜி', ஒன்பது மணி 'கு-ஜி'. இந்த மூன்றிலும்தான் எல்லோரும் புள்ளியைத் தொலைக்கிறார்கள். விளங்காவிட்டால் 'மோ இச்சிடொ ஒனெகை ஷிமஸ்', 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அதற்குப் புள்ளி குறைக்க மாட்டேன்.

இந்த வகுப்பை முடித்தால் ஜப்பானில் வேலை கிடைக்குமா?

இதை மட்டும் வைத்துக் கிடைக்காது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிய மொழித் திறன் பரீட்சையில் என்5 முதல் என்1 வரை ஐந்து படி. என்5 அடிப்படி. எங்கள் வகுப்பு அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். என்5இல் மொத்தம் 180 புள்ளி, சித்திக்கு 80 வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச அளவையும் தொட வேண்டும். அந்தப் பரீட்சையில் பேச்சுப் பகுதியே இல்லை. ஆனால் வேலைக்கு எடுப்பவர் நேர்முகத்தில் உங்களைப் பேச வைப்பார். சான்றிதழும் வேண்டும், வாயும் வேண்டும்.

2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறித்த திறன்' என்ற வேலை வீசாவைத் தொடங்கியது. அதே ஆண்டு இலங்கையும் அதற்கான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. அதற்குப் பொதுவாக என்4 அல்லது ஜப்பான் அறக்கட்டளையின் அடிப்படைப் பரீட்சை தேவை, துறைக்குரிய திறன் பரீட்சையும் தேவை. முதியோர் பராமரிப்புக்குப் போவதானால் அந்தத் துறைக்கான மொழிப் பரீட்சை தனியாக உண்டு. ஒரு முதியவர் ஜப்பானிய மொழியில் 'இதை' என்றால் வலிக்கிறது என்கிறார். அதைக் கேட்டவுடன் கை உதவிக்குப் போக வேண்டும். பரீட்சைக்கு மட்டும் படித்தால் அந்தக் கணத்தில் நிற்க ஏலாது.

என் மாணவி ஒருவரின் வீட்டார், மொழி தேவையில்லை, நான்கு மாதத்தில் அனுப்புகிறேன் என்று சொன்ன ஒருவரை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். மாணவி போகவும் இல்லை, பணம் திரும்பவும் இல்லை. எவருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், அவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உள்ளவரா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறாரா என்று பணியகத்திடமே கேளுங்கள். ஜப்பானுக்கு மொழி தேவையில்லை என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வரலாமா?

வாருங்கள். கடந்த பிரிவில் மிகத் தெளிவாகப் பேசியவர் நாற்பத்தேழு வயது அம்மா ஒருவர். மகன் ஜப்பானில் இருக்கிறார், பேரப்பிள்ளையோடு போனில் கதைப்பதற்காகப் படிக்கிறார்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

சதுரக் கட்டம் போட்ட கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. பேனை வேண்டாம், நிறைய அழிக்க வேண்டிவரும். காலை எட்டரைக்குத் தொடக்கம், ஹச்சி-ஜி ஹன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவிடம் 'இத்தெ கிமஸ்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதுதான் நான் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி.